பிசகிய காலை உருவலாமா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். பாதி வழியில் அடி அண்ணாமலை. கடைசி பஸ்சைப் பிடிக்க வெறுங்காலோடு ஓட்டமும் நடையுமாக வருகிறவர்களுக்கு இங்கேதான் கெண்டைக்கால் இழுத்துக் கொள்ளும். சுவரில் கை ஊன்றி, இழுத்த காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் பதித்து அரை நிமிடம் நின்றால் பிடிப்பு விடும். அலுப்புக்கு எண்ணெய் தேய்த்து இதமாகப் பிடித்து விடுவதும் சுகம்தான்.

ஆனால், பிசகி வீங்கிய கணுக்காலை 'உருவினா சரியாயிடும்' என்று போட்டு அமுக்குகிறார்களே, அது ஆபத்து! உள்ளே ரத்தம் கசியும், வீக்கம் ஏறும். 2 நாள் ஐஸ் ஒத்தடம், ஓய்வு; பிறகுதான் எண்ணெய். மீதிச் சுற்றை அடுத்த பௌர்ணமிக்கு வைத்துக் கொண்டால் அண்ணாமலையார் கோபிக்க மாட்டார். காலை ஊன்றவே முடியாவிட்டால் எலும்பு முறிந்திருக்கலாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பௌர்ணமிக்கு மருத்துவ முகாம் போடுகிறவர்கள் மாத்திரையோடு ஐஸ் கட்டியும் வைப்பார்களா?