காட்டுக்கு உரம் போடுவது யார்?

போன பள்ளி விடுமுறையில் அப்பாவைக் கேமரன் மலைக்கு அழைத்துப் போனோம். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் 30 ஆண்டுகள் வேலை செய்தவர் அவர். வாளி நிறைய உரத்தைத் தூக்கிக்கொண்டு, சரிவில் நிரை நிரையாக ஏறிச் செடிக்குச் செடி போட்டவர். ஓய்வு பெற்று ஈப்போவுக்கு வந்தபின் அந்தப் பக்கமே போகவில்லை.

பிள்ளைகளுக்குப் பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டைப் பார்க்க ஆசை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். பலகைப் பாதையில் அப்பாவின் கையைப் பிடித்து மெல்ல நடந்தோம். எங்கும் மூடுபனி, பச்சைப் பாசி போர்த்திய குட்டை மரங்கள், இடையிடையே பூச்சி தின்னும் குடுவைச் செடிகள். அப்பா நின்றார்.

“ஒரு பிடி உரம்கூட யாரும் போடல. இது எப்படிப்பா இத்தனை காலம் நிக்குது?”

மழை, இலைச்சருகு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீடு திரும்பியதும் உட்கார்ந்து படித்தேன்.

உயரமான மலையில் குளிரும் ஈரமும் அதிகம். உதிர்ந்த இலை மட்க வெகுநாள் ஆகும். சத்தெல்லாம் அந்தச் சருகுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். தழைச்சத்து என்கிற நைட்ரஜன் போதாததால்தான் குடுவைச் செடி பூச்சி பிடிக்கிறது. மரங்களுக்கு வேறு வழி இருக்கிறது. அவற்றின் வேருக்குள் பூஞ்சைகள் குடியிருக்கின்றன. முடியைவிட மெல்லிய இழைகளை, வேர் எட்டாத இடத்துக்கும் அனுப்பி, மணிச்சத்து என்கிற பாஸ்பரஸை அவை தேடிக் கொண்டுவருகின்றன. கூலியாக மரம் தன் இலையில் செய்த சர்க்கரையைக் கொடுக்கிறது. இந்தப் பண்டமாற்றுக்கு வயது சுமார் 40 கோடி ஆண்டுகள் என்கின்றன புதைபடிவங்கள்.

சரி, அப்படிப்பட்ட காட்டுக்கு நாமே உரம் போட்டால் என்ன ஆகும்? தென்னமெரிக்காவில், எக்குவடோர் நாட்டின் தெற்கே ஆண்டிஸ் மலைக்காட்டில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதைச் செய்தே பார்த்தார்கள். 2008இல் தொடங்கிய சோதனை அது. 20 மீட்டருக்கு 20 மீட்டர் என்று காட்டில் துண்டுகளை அளந்தார்கள். சிலவற்றுக்கு நைட்ரஜன், சிலவற்றுக்கு பாஸ்பரஸ், சிலவற்றுக்கு இரண்டும். சிலவற்றுக்கு எதுவும் இல்லை. ஒரு துண்டுக்கு ஆண்டுக்கு 2 கிலோ நைட்ரஜன் அல்லது 400 கிராம் பாஸ்பரஸ், அவ்வளவுதான். அப்பா இதைக் கேட்டால் சிரிப்பார்.

ஆனால், முதல் ஆண்டிலேயே காடு மாறத் தொடங்கிவிட்டது. மரங்கள் எல்லாம் ஒன்றுபோல் செழிக்கவில்லை. சில இனங்கள் வேகமாக வளர்ந்தன, சில அசையவே இல்லை. வேர்களில் வாழும் பூஞ்சை வகைகளின் எண்ணிக்கை குறைந்தது. அதிலும் அரிய வகைகளுக்குத்தான் முதல் அடி. சத்து சும்மா கிடைக்கும்போது, கூலி கொடுத்து ஆள் வைத்துக்கொள்ள மரத்துக்கு என்ன அவசியம்? வேலை போன பூஞ்சை, பிறகு தேவைப்படும்போது திரும்பி வருமா என்பதுதான் கவலை.

யாரும் போகாத காட்டுக்கு உரம் போட்டு எதற்குச் சோதிக்க வேண்டும் என்று கேட்கலாம். காரணம், அந்த உரம் ஏற்கெனவே வானத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கிறது. வாகனப் புகை, தொழிற்சாலைப் புகை, காட்டை எரிக்கும் புகை, வயலில் போட்ட உரத்திலிருந்து எழும் ஆவி என எல்லாவற்றிலும் நைட்ரஜன் இருக்கிறது. அது காற்றில் போய், மழையோடும் மூடுபனியோடும் மலையில் இறங்குகிறது. அதற்கு வேலியும் தெரியாது, எல்லையும் தெரியாது.

மறுவாரம் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்.

“நாங்க ஒரே செடிக்குப் போட்டோம்பா. அதுக்கு என்ன வேணும்னு தெரியும். அங்க ஆயிரம் செடி இருக்கு. ஒண்ணுக்குப் போட்டா இன்னொண்ணு சாகுமே.”

நான் நாலு நாள் படித்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அன்று மலையிலிருந்து இறங்கும்போது சாலையில் ஒரே நெரிசல். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கார்கள் நகரவில்லை. பிள்ளைகளுக்குப் புழுக்கம் என்று குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டு, இஞ்சினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தேன். முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான கார்கள், எல்லாவற்றிலும் புகை. மேலே, மூடுபனிக்குள் அந்தக் காடு.

அப்பாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. காட்டுக்கு உரம் போடுகிறவர்களில் அன்று நானும் ஒருவன்.