கேம்பிரிட்ஜ் ஃபீஸ் கட்டும் ‘கிரைம்’ ராப்பர்: யார் இந்த ஸ்டார்ம்ஸி?

‘கிரைம்’ என்று தமிழில் எழுதினால் குற்றம் என்றுதான் படிப்போம். இது வேறு கிரைம். ஆங்கிலத்தில் ‘சி’ இல்லை, ‘ஜி’ போட்டு எழுத வேண்டும். கரி, பிசுக்கு, அழுக்கு என்று அர்த்தம். 2000-களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிறந்த இசை இது. நிமிடத்துக்குச் சுமார் 140 பீட் வேகம், மூச்சு விடாத ராப். லைசென்ஸ் இல்லாத ‘பைரேட்’ ரேடியோக்கள்தான் இதை வளர்த்தன.

ஆனால் லண்டன் போலீஸ் இதை ரொம்ப நாள் ‘சி’ போட்ட கிரைமாகவே பார்த்தது. 2005-ல் ‘ஃபார்ம் 696’ என்று ஒரு படிவம் வந்தது. நிகழ்ச்சியில் பாடுபவரின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் போலீஸுக்கு முன்கூட்டியே போக வேண்டும். ஆரம்பத்தில், ரசிகர்கள் எந்த இனத்தவர் என்றுகூட அதில் கேட்டார்கள். 2017 நவம்பரில்தான் அது கைவிடப்பட்டது.

அதே 2017-ல்தான் ஒரு கிரைம் ஆல்பம் முதல்முறையாக பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் நம்பர் 1 ஆனது. ‘கேங் சைன்ஸ் அண்ட் பிரேயர்’. பாடியவர் ஸ்டார்ம்ஸி.

யார் இவர்?

1993-ல் பிறந்தவர். அம்மா கானா நாட்டைச் சேர்ந்தவர். தெற்கு லண்டனில் வளர்ந்தார். இசைக்கு முழுநேரமாக வருவதற்கு முன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்தார். 2015-ல், பார்க்கில் நண்பர்கள் சூழ நின்று பாடி எடுத்த ‘ஷட் அப்’ வீடியோ யூடியூப்பில் பற்றிக்கொண்டது.

2017 ஜூனில் கிரென்ஃபெல் டவர் தீ விபத்தில் 72 பேர் இறந்தார்கள். 2018 பிரிட் விருது மேடையில், கிரென்ஃபெல் மக்களுக்கான பணம் எங்கே என்று பிரதமர் தெரசா மேவை நேரலையிலேயே கேட்டார் ஸ்டார்ம்ஸி. பிரதமர் அலுவலகம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 2019-ல் கிளாஸ்டன்பரி விழாவின் பிரதான மேடையில் நிறைவு நிகழ்ச்சியை வழங்கிய முதல் கறுப்பின பிரிட்டிஷ் தனிக்கலைஞர் ஆனார். பேங்க்ஸி வடிவமைத்த, பிரிட்டன் கொடி வரைந்த கத்திக்குத்துத் தடுப்பு அங்கியோடு வந்து நின்றார்.

கேம்பிரிட்ஜில் என்ன நடந்தது?

2018-ல் அவர் ஒரு உதவித்தொகையை அறிவித்தார். ஆண்டுக்கு 2 கறுப்பின மாணவர்களுக்கு கேம்பிரிட்ஜ் கட்டணமும் தங்கிப் படிக்கும் செலவும். “கறுப்பினத்தவருக்கு மட்டும் ஏன்?” என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த எண்ணிக்கையே அதற்குப் பதில். கேம்பிரிட்ஜ் இளநிலைப் படிப்புகளில் சேர்ந்த பிரிட்டன் கறுப்பின மாணவர்கள் 2018-ல் 61 பேர், 2019-ல் 91 பேர். தன் சொந்த முயற்சிகளோடு ‘ஸ்டார்ம்ஸி எஃபெக்ட்’டும் இதற்குக் காரணம் என்று பல்கலைக்கழகமே சொன்னது.

கணக்கைப் பாருங்கள். அவர் பணம் கட்டியது ஆண்டுக்கு 2 பேருக்கு. கூடியது 30 பேர். அந்த 30 பேரும் ஒரே வருடத்தில் திடீரென்று புத்திசாலி ஆகிவிடவில்லை. மதிப்பெண் முன்பும் இருந்தது. “இது நமக்கான இடம் இல்லைப்பா” என்ற எண்ணம்தான் அவர்களில் பலரை விண்ணப்பிக்கவே விடாமல் தடுத்திருக்கும். தங்களைப் போலவே வளர்ந்த ஒருவர் “போய்ப் படி, நான் இருக்கேன்” என்றதும் அந்தத் தடை கொஞ்சம் நகர்ந்தது.

2021-ல் ஹெச்.எஸ்.பி.சி. வங்கியும் சேர்ந்து மேலும் 30 மாணவர்களுக்கு உதவ முன்வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் 1209-ல் தொடங்கிய, உலகின் பணக்காரப் பல்கலைக்கழகங்களில் ஒன்றுக்கு, “உங்களுக்கும் இங்கே இடம் உண்டு” என்று உரக்கச் சொல்ல 25 வயது ராப்பர் ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார். ஸ்டார்ம்ஸியைப் பாராட்டுவோம். அவர் செய்ததை அந்த நிறுவனம் ஏன் முன்பே செய்யவில்லை என்றும் சேர்த்தே கேட்போம்.