பி.காம் படித்த பிள்ளைக்கு நம் ஊரிலேயே ஒரு தொழில்



"சார், பையன் பி.காம் முடிச்சுட்டான், என்ன வேலைக்கு அனுப்பலாம்?" என்று மாதம் நான்கைந்து பேராவது போன் செய்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒன்றாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்து இதுதான். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வணிகவியல் படித்த பிள்ளைகள் சென்னைக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறுவதற்கு முன், வரி ஆலோசகர் தொழிலை ஒருமுறை நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். அதை நேர்மையாகச் செய்தால் ஆயுசுக்கும் சோறு போடும். குறுக்கு வழியில் செய்தால் நாலு வருஷத்தில் பெயர் போய்விடும்.

முதலில் ஒரு குழப்பம். நம் ஊரில் கணக்கு எழுதுபவர், ரிட்டர்ன் போடுபவர் எல்லோருமே "ஆடிட்டர்"தான். வரித் தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை பட்டயக் கணக்காளருக்கு மட்டுமே உண்டு. அந்தப் படிப்பு கடினம். ஆனால் 2023-ல் வந்த புதிய திட்டத்தில் பயிற்சிக் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைத்திருக்கிறார்கள். முடிந்தவர்கள் அதற்கே போங்கள். அது முடியாதவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. வணிகவியல், சட்டம், வங்கியியல், வணிக நிர்வாகம் ஆகியவற்றில் பட்டம் பெற்றவர்கள் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்யலாம். விதிமுறைகள் ஜி.எஸ்.டி. இணையதளத்திலேயே உள்ளன. கல்யாணமாகி வீட்டில் இருக்கும் பி.காம் படித்த பெண்களுக்கும் இது பொருந்தும். ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மேசையும் போதும்.

"இந்தச் சின்ன ஊரில் என்ன வேலை வரும்?" என்பீர்கள். சுற்றிப் பாருங்கள்.

அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றும் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. பத்து வண்டிக்கு மேல் இல்லாத உரிமையாளருக்குச் சட்டம் ஒரு எளிய வழி தருகிறது. மொத்த எடை 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று கணக்குக் காட்டலாம். 28 டன் டிப்பர் என்றால் மாதம் 28,000, வருஷத்துக்கு 3,36,000 ரூபாய். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால், வேறு வருமானம் இல்லாத ஒற்றை வண்டிக்காரருக்குக் கட்ட வேண்டிய வரியே இராது. அவரே கம்பெனியிடம் பான் எண்ணோடு ஓர் உறுதிமொழி கொடுத்துவிட்டால் வாடகையில் டி.டி.எஸ். பிடிக்க மாட்டார்கள். இது தெரியாமல் பணத்தை விட்டுவிட்டு, ரிட்டர்னும் போடாமல், அடுத்த வண்டிக்குக் கடன் கேட்கப் போகும்போது வங்கியில் முழிப்பவர்கள் எத்தனை பேர்!

பெரம்பலூர் பக்கம் பருத்தி. விவசாயியிடம் பஞ்சு வாங்கும் பதிவு பெற்ற வியாபாரி, அதற்கான ஜி.எஸ்.டி.யைத் தானே கட்ட வேண்டும். 2017 நவம்பரிலிருந்து இதுதான் விதி. கட்டிவிட்டு வரவு எடுத்துக்கொள்ளலாம். கட்டாமல் விட்டால் நோட்டீஸ் வரும்போது வட்டியும் சேர்ந்தே வரும்.

அப்புறம் நம் வளைகுடாக்காரர்கள். வேலைக்காக வெளிநாட்டில் இருப்பவர், ஒரு நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாகவே இங்கே இருந்தால், பொதுவாக அங்கே சம்பாதித்ததற்கு இங்கே வரி இல்லை. ஆனால் ஊரில் வரும் வீட்டு வாடகையும் சாதாரண டெபாசிட் வட்டியும் கணக்கில் வரும். இந்த இரண்டு வரியைத் தெளிவாகச் சொல்ல ஓர் ஆள் ஊரில் வேண்டாமா?

இனி கசப்பான விஷயம். "உங்களுக்கு எவ்வளவு ரீஃபண்ட் வேணும் சொல்லுங்க, அதில் எனக்கு இவ்வளவு" என்று கமிஷன் பேசும் கூட்டம் ஒன்று உருவாகியிருக்கிறது. கட்டாத வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை, இல்லாத நோய்க்குச் செலவு என்று எழுதிப் பணம் வாங்கித் தருவார்கள். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடு முழுவதும் இதற்காகச் சோதனையும் சரிபார்ப்பும் நடத்தியது. தமிழ்நாடும் அதில் உண்டு. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர், 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவுகளைத் தாங்களே திரும்பப் பெற்றதாக அப்போது அறிவித்தார்கள். இப்படிச் செய்தவர்களில் அரசு ஊழியர்களும் கல்வி நிறுவனங்களில் வேலை செய்பவர்களும் இருந்தார்கள் என்று படித்தபோது, ஓர் ஆசிரியராக எனக்குத் தலைகுனிவாக இருந்தது.

அந்தத் தரகர்கள் தற்காலிகமாக ஒரு மெயில் ஐ.டி. உருவாக்கி ரிட்டர்னைப் போட்டுவிட்டு அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். நோட்டீஸ் அந்த மெயிலுக்குப் போகிறது, உங்கள் கண்ணுக்குப் படுவதில்லை. தவறான தகவல் கொடுத்ததற்கு அபராதம் வரியைப் போல் இரண்டு மடங்கு வரை போகும். அதைக் கட்ட வேண்டியவர் ரிட்டர்னுக்குச் சொந்தக்காரர். கமிஷன் வாங்கியவர் போனையே எடுக்க மாட்டார்.

ஆகவே இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று வருஷம் நல்ல ஆடிட்டர் ஆபீஸில் உட்காருங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், கற்றுக்கொள்வது அதிகம். மாதம் 11, 20 தேதிகளை வாழ்க்கைப் பழக்கமாக்குங்கள். தொடர்ந்து ஆறு மாதம் ரிட்டர்ன் போடாத கடையின் ஜி.எஸ்.டி. பதிவையே ரத்து செய்ய முடியும். பதிவு போனால் கடைக்காரரின் பிழைப்பே போகும். வாடிக்கையாளரின் சொந்த மெயில், சொந்த போன் நம்பரையே கொடுங்கள். கட்டணத்தை வேலைக்கு வாங்குங்கள், ரீஃபண்டில் பங்கு வாங்காதீர்கள். "இது முடியாது அண்ணாச்சி" என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் பத்து வருஷம் கழித்தும் தேடி வருவார்கள்.

"எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே நிரப்பித் தருகிறதே சார்?" என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்ட் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பழைய வரியில் வாங்கிய மூட்டையை எந்த வரியில் விற்பது என்று கடைக்காரர் கலங்கினார். விற்கும் நாளின் வரிதான், வாங்கும்போது கட்டியதை வரவு எடுக்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல மனுஷன்தான் வேண்டியிருந்தது. இன்னொன்று, 1961-ஆம் வருஷச் சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. முப்பது வருஷ அனுபவசாலியும் புதிதாகப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். புதியவர் உள்ளே வர இதைவிட நல்ல நேரம் இல்லை.

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் குலோத்துங்கனைச் "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று இன்றும் சொல்கிறோம். சுங்கத்தை நீக்கும் அதிகாரம் அரசனுக்கு இருந்தது, நமக்கு இல்லை. நாம் செய்யக்கூடியது, சட்டம் கொடுத்த சலுகையை ஒரு ரூபாய் விடாமல் எடுத்துக்கொண்டு, மீதியை நேரத்தில் கட்டுவது.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நேர்மையாக ரிட்டர்ன் போடும் பிள்ளையிடம் "அவர் கூட வாங்கித் தர்றாரே" என்று பேரம் பேசாதீர்கள். ஏற்கெனவே ஆபீஸ் வைத்திருக்கும் என் மாணவர்களே, இந்த வருஷம் ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், நான் ஆள் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் வணிகவியல் ஆசிரியர்