எட்டு வருஷம் எங்கே போச்சு?

போன மாசம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா (பெரியம்மா பொண்ணு) பி.எஸ்ஸி. நர்சிங் முடிச்சவ. ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் எட்டு வருஷம் வேலை பார்த்துட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் வேறொரு ஆஸ்பத்திரிக்கு மாறியிருக்கா. புது இடத்தில் கொடுத்த ஆர்டரைக் காட்டினா. பதவி: ஸ்டாஃப் நர்ஸ், ஆரம்ப நிலை. அவளுக்கு வேலை சொல்லிக்கொடுக்க வேண்டிய சீனியருக்கு மூணு வருஷ அனுபவம். முதல் வாரமே வென்டிலேட்டர் பற்றி அந்த சீனியர் இவகிட்டதான் சந்தேகம் கேட்டிருக்காங்க!

"உன் எட்டு வருஷம் எங்கேக்கா போச்சு?"ன்னு கேட்டேன். "நீதானே பி.காம். படிக்கிறே, நீயே கணக்குப் போட்டுச் சொல்லு"ன்னு சிரிச்சுட்டு உள்ளே போயிட்டா. அந்தச் சிரிப்பு என்னமோ பண்ணுச்சு. அதனால்தான் இந்தப் பதிவு.

அக்கவுண்டன்ஸியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது: போன வருஷத்தின் இறுதி இருப்புதான் இந்த வருஷத்தின் தொடக்க இருப்பு. நடுவில் ஒரு ரூபாய் காணாமல் போனாலும் ஆடிட்டர் விடமாட்டார். ஆனா ஒரு மனுஷியின் எட்டு வருஷம் காணாமல் போனா கேட்க ஆளில்லை. இதை ஒழுங்கா எண்ணுகிற இடம் எங்கேயாவது இருக்கான்னு தேடினேன். கிடைத்த இடம், நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத அமெரிக்க ராணுவம்.

அங்கே டாக்டர், பல் டாக்டர், நர்ஸ் எல்லோரும் அதிகாரிகளாகத்தான் சேருவாங்க. சாதாரணமா டிகிரி முடித்துச் சேருகிற ஒருத்தர் செகண்ட் லெப்டினன்டா ஆரம்பித்து, கேப்டன் ஆக ஏறக்குறைய நாலு வருஷம் ஆகும். ஆனா எம்.டி. முடித்து ராணுவத்தில் சேருகிற டாக்டர் வாசலில் நுழையும்போதே கேப்டன். (அங்கே டிகிரிக்கு அப்புறம் நாலு வருஷம் மருத்துவக் கல்லூரி.) இதற்குப் பெயர் கன்ஸ்ட்ரக்டிவ் சர்வீஸ் கிரெடிட். நம்ம ஊர் அரசாணைகளில் 'கருத்தியலாக' என்று ஒரு வார்த்தை வருமே, கிட்டத்தட்ட அது மாதிரி. சீருடை போடாத வருஷத்தையும் போட்ட மாதிரி எண்ணுவது.

இது யாரோ ஒரு மேலதிகாரி பார்த்துக் கொடுக்கிற சலுகை இல்லை. 1980-ல் டாப்மா என்ற அதிகாரிகள் மேலாண்மைச் சட்டம் வந்தது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 10-ஆம் தலைப்பு, 533-ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. பட்டத்துக்கு மேல், அந்த வேலைக்குக் கட்டாயமான படிப்பில் செலவான ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வருஷம். இன்டர்ன்ஷிப்புக்கும் சிறப்புப் பயிற்சிக்கும் தனியா கிரெடிட் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த விதி. இந்த வருஷங்கள் ஆரம்பப் பதவி, அந்தப் பதவிக்குள் மூப்பு, அடுத்த பதவி உயர்வுக்கான காலம், இந்த மூணுக்கு மட்டும்தான். அடிப்படைச் சம்பளத்துக்கான சர்வீஸில் சேராது. ஓய்வூதியத்துக்கும் சேராது, அதற்கு 20 வருஷம் உண்மையாகவே சேவை செய்திருக்கணும். டாக்டர்களை இழுக்கக் கொடுக்கிற சிறப்பு ஊதியமும் போனஸும் தனிக் கணக்கு. மரியாதைக்கு ஒரு லெட்ஜர், பணத்துக்கு ஒரு லெட்ஜர்!

"நாலு வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்து கேப்டன் ஆனவனும், ஏ.சி. ரூமில் படித்துவிட்டு வந்தவனும் ஒண்ணா?" என்று ஒரு சிப்பாய் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கும் பதில் வைத்திருக்காங்க. அந்த டாக்டர் கேப்டன் போர்ப் படைப்பிரிவை நடத்தப் போவதில்லை, மருத்துவத் துறை அதிகாரிகளின் கட்டளை பொதுவா அவர்கள் துறைக்குள்ளேதான். அவருடைய படிப்பு எங்கே பயன்படுமோ அங்கேதான் அவருடைய பதவிக்கு அதிகாரம்.

சரி, எல்லாம் பிரமாதமா? இல்லை. என் அக்காவை அந்த ராணுவத்தில் சேர்த்துப் பார்த்தேன் (கற்பனையில்தான், பயப்படாதீங்க :-)).

நர்ஸுக்கு அங்கே நுழைவுத் தகுதியே பி.எஸ்ஸி. நர்சிங். அது பட்டம்தானே, பட்டத்துக்கு மேல் இல்லையே! அதனால் அந்த நாலு வருஷப் படிப்புக்கு கிரெடிட் பூஜ்யம். மிச்சம் இருப்பது எட்டு வருஷ அனுபவம். அனுபவத்துக்கும் கிரெடிட் தரலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனா படிப்புக்கு 'வருஷத்துக்கு வருஷம்' என்று அளவைச் சட்டத்திலேயே எழுதியவர்கள், அனுபவத்துக்கு எவ்வளவு என்பதைத் துறையின் முடிவுக்கும் தேவைக்கும் விட்டுவிட்டார்கள். 2018-ல் சட்டத்தைத் திருத்தி, வெளி அனுபவம் உள்ளவர்களை கர்னல் பதவி வரைகூட நேரடியா எடுக்கலாம் என்று கதவை அகலமாத் திறந்தாங்க. கதவு அகலமாச்சு, ஆனா அளவுகோல் சட்டத்துக்குள் வரலை.

அதாவது வகுப்பறையில் கழித்த வருஷத்துக்கு உரிமை, வார்டில் கழித்த வருஷத்துக்குக் கருணை. இதில் அதிகம் அடிபடுவது நர்ஸ்கள்தான், ஏன்னா அவர்களின் கல்வியில் பெரும்பகுதி நோயாளியின் கட்டில் பக்கத்தில் நடக்குது.

இது அவர்களுக்குப் புதுசும் இல்லை. 1901-ல் ராணுவ நர்ஸ் படை ஆரம்பித்தபோது நர்ஸ்களுக்குப் பதவியே கிடையாது. முதல் உலகப் போர் முடிந்து 1920-ல் 'ஒப்புமைப் பதவி' என்று ஒன்றைக் கொடுத்தாங்க. தோளில் பட்டை உண்டு, ஆனா அதே பதவியில் இருந்த ஆண் அதிகாரிக்குச் சமமான சம்பளமோ முழு அதிகாரமோ கிடையாது. நிரந்தர அதிகாரி அந்தஸ்து 1947-ல்தான் வந்தது. இன்னொரு உலகப் போரும் முடிந்தாச்சு அதுக்குள்ள!

"அப்போ எட்டு வருஷத்தையும் அப்படியே கொடுத்துட வேண்டியதுதானே?" என்பீங்க. நானும் முதலில் அப்படித்தான் நினைச்சேன். ஆனா வரவு என்று ஒன்று இருந்தா பற்று என்று ஒன்றும் இருக்கணுமே. அங்கே கேப்டனோ மேஜரோ அடுத்த பதவிக்கு இரண்டு தடவை தேர்வாகாமல் போனால், பொதுவா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கிரெடிட் அதிகம் வாங்கிச் சேர்ந்தவர் சீக்கிரமே தேர்வுக்குழு முன்னால் போய் நிற்கணும். கையில் ராணுவத்தில் வேலை பார்த்த அறிக்கைகள் ஒண்ணு ரெண்டுதான் இருக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு கட்டு இருக்கும். பெருமையா வாங்கின வருஷமே கழுத்தைப் பிடிக்கலாம். அதே 2018 திருத்தத்தில், அனுமதி கேட்டு ஒரு தேர்வுக்குழுவிலிருந்து விலகிக்கொள்ள ஒரு வழியும் வைத்தாங்க. ஆனா அதுவும் மேலிடம் சம்மதித்தால்தான்.

ஆகவே என் தீர்ப்பு (நான் என்ன ஜட்ஜா, இருந்தாலும்): அனுபவத்தைப் படிப்புக்குச் சமமா எண்ணணும் என்று நான் சொல்லவில்லை. வருஷத்துக்கு அரை வருஷம் என்றாலும் சரி, கால் வருஷம் என்றாலும் சரி, அது படிப்புக்கு இருப்பது போலச் சட்டத்திலேயே எழுதிய அளவா இருக்கட்டும். சேருகிற அன்றைக்கே 'உங்கள் கணக்கில் இத்தனை வருஷம், அதனால் இந்தத் தேதிக்குள் இந்தத் தேர்வுக்குழு' என்று வரவையும் பற்றையும் ஒரே தாளில் எழுதிக் கையில் கொடுக்கட்டும். குறைவா எண்ணுவதைக்கூடத் தாங்கிக்கலாம். எண்ணவே மாட்டேன் என்பதைத்தான் தாங்க முடியாது.

அக்காவுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "கேப்டன் எல்லாம் வேணாம்டா, நைட் டூட்டி லிஸ்ட் போடும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டா போதும்"னா.

வகுப்பு நண்பர்களே, அடுத்த வருஷம் நாமளும் ஆர்டர் வாங்கப் போறோம். சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் பார்க்காம, 'முன் அனுபவம்' என்கிற கட்டத்தில் என்ன எழுதியிருக்குன்னும் பாருங்க. உங்க வீட்டிலும் இப்படி வருஷங்களைத் தொலைத்தவர்கள் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க. இங்கேயாவது எண்ணி வைப்போம்.