ஸாஉம் கிலோவும்: ஏழையின் பங்கு குறையலாமா?

ரமளானின் கடைசிப் பத்து வந்துவிட்டால் நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: "ஹஜ்ரத், ஃபித்ரா ஆளுக்கு எத்தனை கிலோ?" கோவையில் ஒரு பள்ளிவாசல் அறிவிப்பில் இரண்டரைக் கிலோ அரிசி என்றிருக்கும். அடுத்த தெருவில் 1 கிலோ 600 கிராம் கோதுமையின் விலை என்றிருக்கும். இரண்டையும் படித்த சகோதரர் சிறிய எண்ணைத் தேர்ந்து, அந்த எடைக்கு அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியடைகிறார். தவறு இங்கேதான் நிகழ்கிறது.

நபி (ஸல்) அவர்கள் ஃபித்ராவை எடையால் கடமையாக்கவில்லை. பேரீச்சம்பழத்திலோ வாற்கோதுமையிலோ ஒரு ஸாஉ என்றே இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் பதிவாகியுள்ளது. ஸாஉ என்பது முகத்தலளவை. நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளுவது ஒரு முத்து. நான்கு முத்து சேர்ந்தால் ஒரு ஸாஉ.

கொங்கு நாட்டாருக்கு இது விளங்காத செய்தியன்று. கம்பையும் சோளத்தையும் படியாலும் வள்ளத்தாலும் அளந்தவர்கள் நம் முன்னோர். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறை வந்தபின் கடைகள் கிலோவுக்கு மாறின. ஆனால் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பண்டாரி இன்றும் "எத்தனை படி போடட்டும்?" என்றே கேட்கிறார்.

அளவு ஒன்றானாலும் எடை ஒன்றாகாது. மதரஸா பிள்ளைகளின் முன் ஒரு லிட்டர் படியை நிரப்பித் தராசில் வைத்தோம். அரிசி ஏறத்தாழ 800 கிராம் நின்றது. கோதுமை மாவு 550 கிராமைத் தாண்டவில்லை. அவல் அதனினும் இலேசாக இருந்தது. "அப்படியானால் ஒரே கிலோ எல்லாவற்றுக்கும் எப்படிப் பொருந்தும், ஹஜ்ரத்?" என்றான் ஒரு மாணவன். அவன் கேட்டது ஃபிக்ஹின் கேள்வி.

அறிவிப்புகள் வேறுபடுவதற்கும் காரணம் உண்டு. ஸாஉ என்பது எட்டு ராத்தல் என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). ஐந்தேகால் ராத்தலுக்குச் சற்று மேல், அதாவது ஐந்தும் மூன்றில் ஒரு பங்கும் என்றார்கள் மாலிக், ஷாஃபிஈ, அஹ்மத் (ரஹ்) ஆகிய இமாம்கள். ஹனஃபிகளின் மாணவத் தலைவரான அபூயூசுஃப் (ரஹ்) மதீனாவாசிகள் தம் தந்தையரிடமிருந்து பெற்ற ஸாஉகளைக் கண்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். ஹனஃபி மத்ஹபில் கோதுமைக்கு அரை ஸாஉ போதும். 1 கிலோ 600 கிராம் என்பது அந்தக் கணக்கு. அரிசி கொடுப்பவர் அக்கோதுமையின் விலைக்கு ஈடாகக் கொடுக்க வேண்டும். அதன் எடைக்கு ஈடாக அன்று. ஷாஃபிஈ மத்ஹபினர் ஊரின் பிரதான உணவில் முழு ஸாஉ கொடுக்க வேண்டும். இரண்டரைக் கிலோ அதையொட்டியது. இரண்டு அறிவிப்புகளும் சரியே. இரண்டையும் கலப்பதே பிழை.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தானியத்துக்குத் தானியம் எடை மாறுவதைச் சுட்டிக்காட்டி, அளவுப் பாத்திரத்தையே நம்ப வேண்டும் என்றும், அது கிடைக்காதபோது குறையவில்லை என்று உறுதியாகும் அளவு கொடுக்க வேண்டும் என்றும் விளக்கினார்கள்.

ஆளுக்கு 200 கிராம்தானே என்று எண்ணலாம். 500 வீடுகள், வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் அது 500 கிலோ அரிசி. பெருநாள் காலையில் அத்தனையும் ஏழைகளின் அடுப்புக்குச் செல்லாமல் நின்றுவிடுகிறது. அளந்து வாங்கும்போது நிறைத்து, கொடுக்கும்போது குறைப்போரை 83ஆம் அத்தியாயம் எச்சரிப்பதை நாம் வியாபாரிகளுக்கு மட்டும் ஓதிக் காட்டுகிறோம்.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கு நம் வேண்டுகோள் இதுவே. பள்ளிவாசலில் ஓர் அளவுப் பாத்திரம் இருக்கட்டும். அவ்வாண்டு ஊரில் விற்கும் அரிசியை அதில் அளந்து, நிறுத்துப் பார்த்து, பிறகு அறிவியுங்கள். எந்தத் தானியம், எந்த மத்ஹப் என்பதையும் அறிவிப்பில் எழுதுங்கள். ஐயம் வந்தால் ஒரு கைப்பிடி கூட்டிக் கொடுங்கள், கூடியது ஸதகாவாகும்.

அல்லாஹ் நம் நோன்பையும் ஃபித்ராவையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.