உயிரைப் பணயம் வைத்து எடுத்த படத்துக்கு என் லைக் கிடையாது



ஹவாய் தீவில் எரிமலைக் குழம்பு கடலில் கொட்டும் படங்களை நீங்கள் அடிக்கடி பகிர்கிறீர்கள். படங்கள் அழகுதான், மறுக்கவில்லை. எனக்குப் பொறுக்காதது அவற்றின்மேல் நீங்கள் எழுதும் வரி: "உயிரைப் பணயம் வைத்து எடுத்தது. தலை வணங்குவோம்!" எதற்கு வணங்க வேண்டும்?

குழம்பு விழும் இடத்தில் வெண்மையாக எழுகிறதே, அது வெறும் நீராவி அல்ல. 1,100 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் குழம்பு கடல்நீரைத் தொடும்போது, உப்பிலுள்ள குளோரைடிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகி ஆவியோடு கிளம்புகிறது. கூடவே நுண்ணிய கண்ணாடித் துகள்கள். காற்று திசை மாறினால் அத்தனையும் படம் எடுப்பவரின் நுரையீரலுக்குள் போகும்.

காலடியில் இருப்பதையும் நம்ப முடியாது. குழம்பு நீரில் பட்டுச் சிதறி மணலும் கல்லுமாகக் குவிகிறது. அந்தக் குவியலின்மேல் படியும் பாறைதான் 'புதிய நிலம்'. அஸ்திவாரமே இல்லாத வீடு மாதிரி. 2016 டிசம்பர் 31 அன்று கிலாவேயா எரிமலையின் கமோகுனா கடற்கரையில் அப்படி 20 ஏக்கருக்கும் மேல் கடலுக்குள் சரிந்தது. பக்கத்திலிருந்த பழைய பாறை விளிம்பும் சேர்ந்தே போனது. அதற்குச் சற்று முன்புதான் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போன ஐந்து பேரைப் பூங்காக் காவலர்கள் ஓடிப்போய்க் கத்தித் திருப்பி அழைத்து வந்தார்கள். அவர்கள் திரும்பிய கால் மணி நேரத்தில் அந்த இடமே இல்லை. நீங்கள் வணங்க வேண்டுமென்றால் அந்தக் காவலர்களை வணங்குங்கள்.

படகில் போனால் பரவாயில்லையா? 2018 ஜூலை 16 அன்று கடலுக்குள் வெடித்த குழம்பிலிருந்து பறந்த கல் ஒரு சுற்றுலாப் படகின் கூரையைத் துளைத்தது. 23 பேர் காயம். ஒரு பெண்ணுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

"சார், ஆபத்து இல்லாமல் நல்ல படம் கிடைக்குமா?" என்று யாராவது கேட்பீர்கள். கிடைக்கும். குழம்பின் செந்நிறம் நன்றாகத் தெரிவது விடியலுக்கு முன்பும் அந்தி மயங்கிய பின்பும். தொலைதூர லென்ஸ், ஆடாத முக்காலி, பொறுமை இவை போதும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே எடுக்கலாம். பொறுமை இல்லாதவர்கள்தான் கயிற்றைத் தாண்டுகிறார்கள். அதற்கு நாம் துணிச்சல் என்று பெயர் வைக்கிறோம்.

உங்கள் ஒரு பாராட்டு வரி என்ன செய்துவிடும் என்று எண்ணாதீர்கள். அதைப் படிக்கும் இருபது வயதுப் பையன் அடுத்த முறை இன்னும் இரண்டடி முன்னே போவான். அவன் விழுந்தால், தேடிப் போகும் காவலரும் அதே உடையும் பாறையில்தான் கால் வைக்க வேண்டும். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

படத்தைத் தாராளமாகப் பகிருங்கள். ஆனால் உயிர், பணயம் என்ற வார்த்தைகளை எடுத்துவிட்டு, எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தார் என்று கேட்டு எழுதுங்கள். பாதுகாப்பாக நின்று எடுத்தவர் என்றால் சொல்லுங்கள், முதல் லைக் என்னுடையது.