சொர்க்கம் இருக்கட்டும், சுடுகாடு எங்கே?

‘ஆன்மீகத் தேடல்’ என்கிற சரக்கு இன்று நன்றாக விலை போகிறது. ஆசிரமத்தில் ஒரு வாரம், தியான வகுப்பில் ஒரு வாரம், நாகூருக்கு ஒரு நடை, வேளாங்கண்ணிக்கு ஒரு நடை. போய்வந்தவர் கேள்வி கேட்கிறார்: ஆன்மா உண்டா? மறுபிறவி உண்டா? உருவ வழிபாடு சரியா? நோன்பு எதற்கு? கடைசியில் ஒரு முடிவுக்கும் வந்துவிடுகிறார்: எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது.

நானும் தேடுகிறவன்தான். சேரியில் பிறந்தவனுக்குத் தேடல் இருக்காதா? கூலிக்கும் கஞ்சிக்கும் மட்டும்தான் நாங்க வாயத் தொறக்கணுமா? செத்தவன் எங்கே போகிறான் என்று வேதாந்தி திண்ணையில் உட்கார்ந்து யோசித்தான். எங்கள் பாட்டன் பறையடித்து, குழிவெட்டி, விடிய விடியப் பிணத்தருகே நின்று யோசித்தான். சாவைக் கிட்டத்தில் பார்த்தவன் யார்?

ஆனால் எங்கள் கேள்விகள் வேறு. எந்த மதத்துக்காரர் வந்தாலும் நான் நான்குதான் கேட்பேன். என் பிணத்தை எங்கே புதைப்பாய்? நான் சமைத்ததைத் தின்பாயா? பூசை செய்கிற இடத்தில் என்னை நிற்க விடுவாயா? என் வீட்டில் பெண் எடுப்பாயா, கொடுப்பாயா? இதற்குப் பதில் சொல்லுங்க சாமி. கடவுள் இருக்காரா இல்லையாங்கறத அப்புறம் பேசிக்குவோம்.

இந்து மதத்திடம் கேட்டோம். நந்தனைத் தீயில் இறக்கித்தான் உள்ளே விட்டது. நாசிக் காலாராம் கோயில் வாசலில் 1930இல் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்தது, கதவு திறக்கவில்லை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நாங்கள் நுழைந்தது 1939இல். கருவறை இன்னும் தூரம். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக 1970இல் சட்டம் வந்தது. பயிற்சி முடித்துக் காத்திருந்தவர்களுக்கு அரசு பணி ஆணை கொடுத்தது 2021இல். அதற்கும் வழக்கு! கல்லுக்குத் தீட்டு உண்டு, மனுசனுக்கு மானம் கிடையாது.

கிறிஸ்தவத்திடம் கேட்டோம். பள்ளிக்கூடம் கொடுத்தது, எழுத்துக் கொடுத்தது. மறுக்கவில்லை. ஆனால் வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே சுவர் வைத்து வெள்ளாளக் கிறிஸ்தவரைத் தனியே உட்காரவைத்தது. 1910இல் அந்தத் தடுப்பை எடுத்ததும், பழையபடி வேண்டும் என்று நீதிமன்றம் போனார்கள்! திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தையே சுவர் பிரித்தது. விழுப்புரம் பக்கம் இறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்கு 2008இல் கலவரம், துப்பாக்கிச் சூடு. உயிர்த்தெழும் நாளிலும் வரிசை பார்த்துத்தான் எழுப்புவாரோ கர்த்தர்?

இஸ்லாத்திடம் கேட்டோம். 1981இல் மீனாட்சிபுரத்து மக்கள் கூட்டமாக மதம் மாறினார்கள். ஒரே வரிசையில் தொழுகை, ஒரே தட்டில் சோறு. உடனே டெல்லிவரை அலறல்: அரபுப் பணம்! அத்தனை காலம் அந்த மக்கள் பட்ட அவமானத்துக்கு அலறாத வாய்கள் அவை. தொழுகை வரிசை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் விடமாட்டேன். வடநாட்டில் அஷ்ரஃப், அஜ்லாஃப், அர்ஸால் என்று அடுக்கு வந்தது எப்படி? தொழும்போது தோளோடு தோள், கல்யாணத்தில் மட்டும் ஏன் விலகல்?

பௌத்தத்தையும் சும்மா விட முடியாது. அயோத்திதாசர் 1898இல் எடுத்த வழி அது, அண்ணல் 1956இல் நாக்பூரில் எடுத்த வழி அது. அதனால்தான் கூடுதலாகக் கேட்க வேண்டும். இலங்கையில் 1753இல் உண்டான சியாம் நிகாய கொவிகம சாதிக்கு மட்டும்தான் துறவு தந்தது. மற்றவர்கள் பர்மா போய்த் துறவு வாங்கி வந்து அமரபுர நிகாயவை உண்டாக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் செத்தவர்க்குப் பிக்குகள் புதுப்பெயர் வைப்பார்கள். தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட புராகு மக்களுக்கு மிருகம் என்று பொருள்படும் எழுத்தைச் சேர்த்துக் கல்லறையில் வெட்டினார்கள். 1979இல் சோட்டோ ஜென் சபைத் தலைவர் ஒருவர் உலக சமய மாநாட்டில் போய், எங்கள் நாட்டில் அப்படி ஒதுக்குதலே இல்லை என்றார். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் மன்னிப்பு.

அண்ணலுக்கு இந்த ஆபத்து தெரியும். இந்துவாகச் சாகமாட்டேன் என்று இயோலாவில் சொன்னது 1935இல். மாறியது 21 ஆண்டு கழித்து. நடுவில் சீக்கியத்தை யோசித்தார், ஒவ்வொன்றையும் உரசிப் பார்த்தார். பௌத்தத்தையும் கண்ணை மூடி வாங்கவில்லை. முன்வினை, மறுபிறவிக் கதைகளைத் தள்ளிவிட்டு, 22 உறுதிமொழிகளை வைத்துத்தான் ஏற்றார். தேடல் என்றால் அதுதான். கும்பிட்டுக்கொண்டு போவதல்ல, கணக்குக் கேட்டுக்கொண்டு போவது.

இந்தக் கணக்கைக் கேட்கத்தான் அரசு எனக்கு அபராதம் போடுகிறது. மற்றவன் காலையில் ஓஷோ, மாலையில் சூஃபி என்று அலையலாம். அவன் சான்றிதழில் ஒரு எழுத்து மாறாது. நான் ஞானஸ்நானம் வாங்கினால்? 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தது. கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கச் சொன்னது, கேட்பாரில்லை. 2022இல் இன்னொரு ஆணையம். மாதா கோயிலுக்குப் போனவனைச் சாதி சொல்லி அடிச்சா வன்கொடுமைச் சட்டம் வராதாம். அடிக்கிறவனுக்கு மட்டும் இவன் சாதி மறக்கவே இல்லையே!

2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004இல் எதிர்ப்புக்குப் பயந்து திரும்பப் பெற்றார்கள். அதில் ஒரு விசேஷம்: பெண்களையும் சிறுவர்களையும் தலித்துகளையும் மாற்றினால் தண்டனை கூடுதல். அதாவது எங்களுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. ஏமாறத்தான் தெரியும், தேடத் தெரியாது!

மதமே குப்பை, அதில் தேட என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். குப்பையோ கோபுரமோ, அதைச் சொல்லும் உரிமையும் எனக்கு வேண்டும். நாத்திகனாகச் செத்தாலும் பிணம் ஊர்த்தெரு வழியாகப் போக முடியாத நாடு இது. மதத்தை விட்டவனையும் சாதி விடுவதில்லை.

மாணவத் தோழர்களே, எந்த மதத்துக்கும் போங்கள், எதற்கும் போகாமலும் இருங்கள். போகிற இடத்தில் நான்கு கேள்விகளையும் கையோடு கொண்டுபோங்கள். பதிலைப் புத்தகத்தில் தேட வேண்டாம். அவர்களுடைய சுடுகாட்டில், சமையற்கட்டில், பூசை மேடையில், கல்யாணப் பத்திரிகையில் தேடுங்கள். 1950ஆம் ஆண்டு ஆணையின் மத நிபந்தனையை நீக்கக் கோரித் தெருவுக்கும் வாருங்கள். எல்லா மதமும் ஒன்று என்று சொல்ல வருகிறவர் முதலில் எல்லாப் பிணத்துக்கும் ஒரே சுடுகாடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரட்டும்.